தாம்பாளத்தில் ஒரு பள்ளத்தாக்கு

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலையில் பௌதிக டீச்சர். என் கணவர் ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்கில், ஒரு சுண்ணாம்புக் காளவாயில் சூப்பர்வைசர். வேலையாட்களுக்கு எங்கே வீடு கட்டினால் புகை அண்டாது என்று முதலாளி கேட்க, இவர் என்னைக் கைகாட்டிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில், பெரிய தாம்பாளத்தில் களிமண்ணால் அந்தப் பள்ளத்தாக்கைச் செய்து, வடகம் மாதிரி வெயிலில் காயவைத்தேன். காய்ந்த கையோடு, காளவாய் இருக்கும் இடத்தில் ஊதுபத்தியைச் செருகினேன். புகை நேராக எழுந்து மலை முகட்டைத் தாண்டிப் போனது. “பள்ளத்துலயே கட்டலாம், ஒண்ணும் ஆவாதுங்க” என்றேன். கட்டினார்கள், இவருக்கும் ஒரு வீடு.

மார்கழியில் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. மூச்சு இழுப்பு உள்ள எங்கள் மூன்று வயது மகளை இவர் அந்தப் புது வீட்டுக்குக் கூட்டிப்போனார். மறுநாள் சாயங்காலம், பனிக்காலத்தில் புகை எப்படிப் போகும் என்று பார்க்கலாமே என, சோடாக் கடையில் ஐஸ் வாங்கித் தாம்பாளத்துக்கு அடியில் வைத்தேன். புகை எழவில்லை. மூடி போட்ட மாதிரி, பாதி மலைக்குக் கீழேயே பள்ளம் முழுக்கத் தேங்கி நின்றது. அடிப் பாவி, அன்று புகையைத் தூக்கியது வெயிலில் காய்ந்த களிமண்ணின் சூடு! மலைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அங்கே போனும் கிடையாது.

காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினால் பள்ளம் முழுக்க வெள்ளையாகப் புகை. வீட்டில் மகளுக்கு விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், கீழ ஜீப் நிக்குது” என்றார் இவர்.

கீழே போகிற பாதையெல்லாம் புகை. “வேணாங்க, மேல ஏறலாம்.”

“இன்னாடி சொல்ற?”

ஒருதரம் தப்பாகச் சொன்னவள் இந்தத் தரம் சரியாகச் சொல்கிறேன் என்று யார் கண்டது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஏறினேன். என் கையிலேயே போய்விடுவாளோ என்ற பயம் ஒவ்வொரு அடிக்கும் வந்தது.

பாதி மலையில் புகை சட்டென்று முடிந்து வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு கம்மியானது. “அம்மா, தண்ணி” என்றாள். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

பின்னாலேயே ஏறி வந்த இவர் உட்காரவில்லை.

“மத்த வீட்டுப் பசங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக் கீழே ஓடினார்.

இவர் கேட்கும்வரை அந்தப் பிள்ளைகள் என் நினைவிலேயே இல்லை.