கதவிடுக்கில் ஒரு முடிச்சு

ஸ்லாவ்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நலம் விசாரிக்கமாட்டாள். கழுத்தை நீட்டி, எங்கிருந்தாவது காற்று வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு நேராகப் போய் ஜன்னலைச் சாத்துவாள். இடுக்கு வழியே வரும் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிக்கொள்ளும் என்பது செர்பியாவின் நீஷ் நகரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மற்றவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவார்கள். ஸ்லாவ்காவின் அக்கறையெல்லாம் அடுத்தவர் வீட்டு ஜன்னல்மேல். அவளுடைய நாத்தனார் வீதோசாவா இருபது வருஷமாக இதைப் பார்த்துவருகிறாள். இவளுக்கு இரண்டு நல்ல கால்கள் கிடைத்ததே இதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

வீதோசாவாவின் கால்கள் பதினொரு வருஷத்துக்கு முன், பிளம் மரத்திலிருந்து விழுந்த அன்றே செயலிழந்துவிட்டன. அதன்பின் கையால் தள்ளும் சக்கர நாற்காலிதான். தரைத்தளத்தில் சின்ன வீடு. சமையல், குளியல், துணி துவைப்பது எல்லாம் தானே பார்த்துக்கொண்டாள். ஆனால் சக்கரம் தள்ளித் தள்ளித் தோள்கள் தேய்ந்தன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது வலியில் கண்ணீர் வந்தது. தோளும் போனால் இந்தத் தனிவீடும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் தம்பி, ஸ்லாவ்காவின் கணவன் ரதிசாவுக்கும் தெரியும். அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வீடு தேவைப்பட்டது. முதியோர் இல்லத்து விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தான். மறக்காமல் பேனாவும் வைத்தான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண், படம் போட்ட ஒரு தாளும் மூன்று ரப்பர் பட்டைகளும் கொடுத்திருந்தாள். மஞ்சள் லேசானது, சிவப்பு அதைவிடக் கடினம், பச்சை அதற்கும் மேல். பட்டையின் நடுவில் முடிச்சுப் போட்டு, முடிச்சை வெளிப்பக்கம் விட்டுப் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழிடவேண்டும். இரண்டு நுனிகளையும் மார்புவரை இழுக்கவேண்டும். வாரத்தில் நான்கு நாள். நாற்காலியின் கைப்பிடிகளில் கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது தனி.

ஸ்லாவ்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நடக்க முடியாதவளுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் போய்க் கேட்டாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகளும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள்தான். அவர்களும் வந்து, பாவம், பேசாமல் படுத்திருக்கக்கூடாதா என்றார்கள். வீதோசாவா மஞ்சள் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் சிவப்புக்கு மாறினாள்.

பிப்ரவரியில் ஒருநாள் தம்பியும் மனைவியும் ஒரு பொட்டலம் காபித்தூளோடு வந்தார்கள். கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தார்கள். வீதோசாவா காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு எதிரே போய்ப் பட்டையை இழுக்க ஆரம்பித்தாள். ஸ்லாவ்காவின் கழுத்து நீண்டது.

"இந்தக் கதவு சரியாச் சாத்தலை. காத்து அடிக்குது பாருங்க. அக்காவுக்குத் தோள்வலி வராம என்ன செய்யும்?"

வீதோசாவா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்லாவ்கா தாழை நீக்கிவிட்டாள். முடிச்சு உருவிக்கொண்டு வந்தது. முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த வீதோசாவா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கட்டிலில் மோதிக் கம்பளத்தில் விழுந்தாள்.

ஸ்லாவ்கா முதலில் கதவை இறுக்கிச் சாத்தினாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

ரதிசாவின் முகத்தில் பயத்தோடு ஒரு நிம்மதியும் தெரிந்தது. "இதுக்குத்தானேக்கா சொல்றோம். கையெழுத்துப் போட்டுடு" என்று குனிந்தான்.

"தொடாதே. உன் காபி ஆறுது, போய்க் குடி."

வீதோசாவா நாற்காலியை நிமிர்த்தி பிரேக்கைப் போட்டாள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி முதலில் கட்டிலோரம் கிடந்த குட்டை முக்காலியில் ஏறினாள். அங்கிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது வழுக்கி மறுபடி முக்காலியில் விழுந்தாள். ஸ்லாவ்கா கையைப் பிசைந்தாள், அதைத் தவிர எதற்கும் அவள் கை உதவியதில்லை. இரண்டாம் முறை வீதோசாவா ஏறிவிட்டாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மிதியில் வைத்தாள். ரதிசாவின் காபியில் ஏடு படிந்திருந்தது.

"ஸ்லாவ்கா, முடிச்சை வெளியே விட்டு அந்தக் கதவைச் சாத்து. இன்னும் எட்டு தடவை பாக்கி இருக்கு."

ஸ்லாவ்கா கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு சாத்தினாள்.

விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே அவர்களோடு திரும்பிப் போனது.

இப்போது ரதிசாவின் மகனும் மருமகளும் அவன் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஸ்லாவ்கா சாத்துகிற ஜன்னல்களை மருமகள் திறந்துவைக்கிறாள். வீதோசாவா பச்சைப் பட்டைக்கு வந்துவிட்டாள். குளிர் அதிகமானால் இடது தோள் இன்னும் வலிக்கிறது. தன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.