அப்பா போகாத கல்யாணம்

எங்கள் அப்பா ஆயர் ஈத்தாமுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அடையாள அட்டையில் உள்ள பிறந்த நாள் பள்ளியில் சேர்த்தபோது குத்துமதிப்பாகச் சொன்னது. ஆகவே அதை இங்கே குறிக்கவில்லை. உலகப் போரில் ஜப்பானியர் வந்தபோது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது உறுதி. வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று, சுதந்திரத்திற்குப் பின் மாஜிஸ்திரேட் ஆனார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் எவர் வீட்டிலும் கைநனைத்ததில்லை. சின்ன ஊர்; இன்று பந்தியில் பக்கத்து இலையில் இருப்பவர் நாளை கூண்டில் நிற்கலாம் என்பார். உறவினர் சலித்துக்கொண்டார்கள்; பிறகு பழகிப்போனார்கள். அப்பாவின் ஒரே தங்கையான அத்தையால் மட்டும் பழக முடியவில்லை.

அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையின் அண்ணன் மீதான லாரி விபத்து வழக்கு அப்பாவின் நீதிமன்றத்தில் இருந்தது. அதை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டு எழுதினார். பதில் வருமுன் முகூர்த்தம் வந்துவிட்டது. காரணம் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் சபையில் கூசுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சீர்த்தட்டுகளோடு அம்மா மட்டும் போனார். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன் வரவில்லை.

வழக்கு வேறு ஊரில் முடிந்தபின் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார்.

"வாங்க நீதிபதி ஐயா. இங்க யாரு மேல கேஸு?" என்றார் அத்தை, கேட்டைத் திறக்காமல்.

"மாப்பிள்ளையோட அண்ணன் கேஸு என் கோர்ட்லதான் இருந்துச்சும்மா. அதான் வரல."

"மாமன் எங்க, மாமன் எங்கன்னு ஊரே கேட்டுச்சு. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

அதன்பின் ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா புடவை கொண்டுபோவார். அத்தை கேட்டிலேயே வாங்கிக்கொள்வார், உள்ளே அழைக்கமாட்டார்.

சென்ற ஆண்டு ஸ்கூடாயில் என் வீட்டில் அப்பா படுக்கையில் விழுந்தார். உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நண்பகல், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அத்தை ரசஞ்சோற்றோடு வந்து கட்டிலருகே அமர்ந்தார்.

"அண்ணே, என் மேல எந்தக் கேஸும் இல்ல. வாயத் திறங்க."

அப்பா சிரித்தார். "இருந்தாலும் சாப்புடுவேன்லா."

இறுதிவரை அத்தை கைச்சோறுதான்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினர், அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டு நினைவு நாளில் அத்தையின் சமையல். உங்கள் வீடுகளில் அப்பா உட்காராமல் போன பந்திகளுக்கெல்லாம் சேர்த்து, இருந்து சாப்பிட்டுப் போகுமாறு வேண்டுகிறோம்.

– மகள்