இலிஷ் மீனைப் பழித்த ஞாயிறு

கல்கத்தாவின் பெஹாலாவிலிருந்து ஞாயிறுதோறும் காபிக்கு வரும் என் மச்சினன், வங்கியில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அன்று காபியை ஆறவிட்டுப் போனைக் காட்டினான். ஒரு கிரிப்டோ குரூப். நூற்று அறுபத்துமூன்று பேர். எல்லாரும் கல்கத்தாக்காரர்கள் என்றான். எந்த நாணயத்தை எப்போது வாங்குவது என்று ஒரு புரொஃபஸர் தினமும் சொல்வாராம். இவன் போட்ட ஐயாயிரம் பத்தே நாளில் பதினோராயிரமாகத் தெரிந்தது. மறுநாள் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து மொத்தத்தையும் அதில் போடப் போகிறான்.

அவனிடம் இருப்பதே அந்த டெபாசிட்தான். எனக்குச் சந்தேகம் வந்தது. மேகத்தைப் பார்த்தாலே குடை தேடுகிறவன் நான். இம்முறை காரணமும் இருந்தது.

போனை வாங்கி ஒரு வாரப் பேச்சை எண்ணினேன். நன்றி, நானூற்றுப் பன்னிரண்டு. மறுப்பு, பூஜ்யம். டாக்குரியாவில் எங்கள் கட்டடத்தில் பதினாலு குடும்பம். பூஜைக்குச் செய்யும் கிச்சுடி என்ற பருப்புச் சாதத்தில் பட்டாணி போடலாமா என்று மூன்று கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. இங்கே நூற்று அறுபத்துமூன்று பேர் ஒரு வாரமாக ஒத்துப்போகிறார்களே என்றேன்.

"கெட்டிக்காராள்லாம் சண்டை போடமாட்டா, அத்திம்பேர்" என்றான்.

கல்கத்தாக்காரர்கள் உயிரையே விடுவது இலிஷ் மீனுக்கு; அதைப் பழித்தால் சும்மா இருக்கமாட்டார்கள். அவன் போனிலிருந்தே வங்க மொழியில் எழுதினேன்: இலிஷ் சுமாரான மீன், வெறும் முள். ஜன்மத்தில் நான் மீன் தொட்டதில்லை.

ஒன்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. ஒரு பெண்மணி புரொஃபஸருக்கு நன்றி சொல்லி அன்றைய லாபத்தை அறிவித்தாள்.

மச்சினன் முகம் மாறியது. ஆனாலும் வங்கிக்காரன். "எல்லாரும் வேலையா இருப்பா. இதையே உங்க பில்டிங் குரூப்ல போடுங்கோ, பாப்போம்."

போட்டேன். மூன்று நிமிடத்தில் இருபத்திரண்டு பதில். நாலு, என் மூளையைப் பற்றி. இரண்டு பேர் என்னை மறந்து, கங்கை மீன் உசத்தியா பத்மா ஆற்று மீன் உசத்தியா என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் நேரிலேயே வந்து மணியடித்து, கத்தரிக்காய் தின்கிறவனுக்கு இதில் என்ன பேச்சு என்று என் மனைவியிடம் கேட்டார்.

மச்சினன் தன் ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினான். முதலில் மூவாயிரம் வரி கட்டவேண்டும் என்று பதில் வந்தது.

"பணத்தைத் தரதுக்குப் பணம் கேக்கறான். என் சர்வீஸ்ல நான்கூட இப்படிக் கேட்டதில்லே" என்று ஆறிய காபியைக் குடித்தான்.

ஐயாயிரம் போயிற்று, டெபாசிட் பிழைத்தது. என்னைப் பூஜைக் கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மற்ற பதின்மூன்று குடும்பமும் ஒரே மனதாகக் கைதூக்கியதாம். ஒரே மனதாக என்று கேட்டதும் எனக்கு மறுபடி சந்தேகம் வந்தது.