பிறக்காத விமானமும் எங்கள் வீட்டு ஃபியூஸும்

நாலு வருஷமாகத் தயங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேனாவை எடுப்பேன்... மூடி வைத்துவிடுவேன். இன்னொருத்தி செய்த தப்பை ஊரறிய எழுத நான் யார்?

போன வெள்ளிக்கிழமை கோயில் பிரசாதத்தோடு மாடிக்குப் போனேன். ஸ்டெல்லாவே சொல்லிவிட்டாள். "எழுதுங்கக்கா. ஆனா என் தப்ப மறைக்காம எழுதுங்க."

ஸ்டெல்லா எங்கள் அபிராமபுரம் வீட்டு மாடியில் குடியிருப்பவள். ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ். விமானத்துக்குள் ஏகப்பட்ட எலக்ட்ரானிக் பெட்டிகள் உண்டாம். எல்லாம் ஒரே வயரில் பேச வேண்டும். பெட்டிகளைச் செய்வதற்கு முன்பே அவற்றை கம்ப்யூட்டரில் மாதிரியாகச் செய்து, எந்தச் செய்தி எத்தனை நேரத்தில் பைலட்டுக்குப் போய்ச் சேரும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எட்டாவது படித்த எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"பொறக்காத கொழந்தைக்கு ஜாதகமா?" என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார்.

"பொறந்த அப்புறம் மாத்த முடியாதேண்ணா" என்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸோடு கீழே வந்தாள். முதல்முறையாக அவள் தலைமையில் முடித்த ரிப்போர்ட். மறுநாள் கையெழுத்தாகப் போகிறது. அப்போது கரெண்ட் இல்லை. வழக்கமாக நான் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு, கரெண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுவேன். அன்று விளக்கேற்றும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

கரெண்ட் வந்தது. மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. பட்டென்று ஃபியூஸ் போனது.

ஸ்விட்ச்சை அணைக்க மறந்ததால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டன என்று நான் அசடு வழியச் சொன்னேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என் மாதிரில பெட்டிங்க எல்லாம் ஒண்ணொண்ணா, வரிசையாத்தான் பேசுது. பறக்கும்போது பவர் போய் வந்தா...? எல்லாம் ஒண்ணா கத்துமே. நான் அத பாக்கவேயில்ல."

ஸ்வீட் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். லேப்டாப்பில் மாதிரியை மாற்றி ஓட்டிப் பார்த்தாளாம். ஆபத்து என்று பைலட்டை எச்சரிக்கும் செய்தி, கூட்டத்தில் சிக்கித் தாமதமாகப் போனது.

சொன்னால் தலைமை போய்விடும். அது அவளுக்குத் தெரியாதா? மறுநாள் மீட்டிங்கில் எழுந்து, "தப்பு என்னுது" என்றாள். அத்தனை பேரும் பார்த்த ரிப்போர்ட், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்களே, ஏன் சொன்னீர்கள் என்று ஒருவர் கேட்டாராம்.

"பைலட் கண்டுபிடிச்சிருப்பாரு சார்."

தலைமை இன்னொருவருக்குப் போனது. அவருக்குக் கீழேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அவசரச் செய்திக்கு முதலில் வழிவிடும்படி டிசைனையே மாற்றினார்கள். ஒரு பெட்டிகூடச் செய்யாத நிலையில்... பேப்பரிலேயே.

எங்கேயோ முகம் தெரியாத பயணிகள். இன்னும் டிக்கெட்கூட வாங்காதவர்கள். அவர்களுக்காக ஒருத்தி தன் பெயரை விட்டுக்கொடுத்தாள். நான் தினம் சாமி கும்பிடுகிறேன்... இந்த மனசு எனக்கு வருமா?

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி. அந்த நேரத்தில் கரெண்ட்டை அனுப்பியது கற்பகாம்பாள் என்கிறேன் நான். மாதா என்கிறாள் அவள். அதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள் — "தப்பு என்னுது" என்று அவள் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.