பிச்சையம்மாள் கொடுத்த வாளி

என் அக்கா செல்லாயி உடுத்தத் துணியில்லாமல், சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். ஒரு காலையில் எங்கள் கதவில் பாதிச் சேலை தொங்கியது. போட்டது யார் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் மீதிப் பாதியைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனாள். இரண்டும் ஒரே பச்சை.

அது ஜப்பான்காரன் காலம். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். மூன்று மாத வேலை என்று சொல்லி, சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். அக்கா புருஷன் அழகேசன் போனார். பிச்சையம்மாள் புருஷன் வீரசாமியும் போனார். ஆள் பிடித்துக் கொடுத்தவன் கங்காணி சின்னையா. அவன் மகன்கள் மட்டும் லயத்திலேயே இருந்தார்கள். மாரியம்மா என்னை மன்னிக்கட்டும், அந்த ஆளை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

வருஷம் திரும்பியது, போனவர்கள் திரும்பவில்லை. அக்கா படுத்துவிட்டாள். மரவள்ளிக்கிழங்கை வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று நான் பயந்தேன்.

சேலை வந்த மறுநாள் பிச்சையம்மாள் உள்ளே வந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அக்கா கையில் வாளியைத் திணித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். குளிக்கவைத்து, தலைவாரி, செங்கல்லை உரசிப் பொட்டு வைத்தாள். அரிசிமாவுக்கு எங்கே போவது? அடுப்புச் சாம்பலில் வாசலுக்குக் கோலம் போட்டார்கள். பிறகு வெயிலில் கங்காணி வீடுவரை நடை. அங்கே நின்று, எங்கள் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று பிச்சையம்மாள் கேட்பாள். திரும்பி வந்து இருவரும் கிழங்கு தின்பார்கள். தினமும் இதேதான்.

"புருஷன் சயாம்ல மண்ணு சொமக்கிறான், இவளுக்குக் கோலம் கேக்குது" என்றான் கங்காணி, ஒருநாள் எல்லார் முன்னாலும்.

"அவரு வரப்ப வாசல் குப்பையா கெடந்தா, அனுப்பிவச்ச உங்களத்தானே கங்காணி வைவாரு" என்றாள் பிச்சையம்மாள்.

அன்றைக்கு அக்கா சிரித்தாள். போகப்போக வாளியைத் தானே எடுத்தாள். கங்காணியிடம் கேட்கும் கேள்வியையும் ஒருநாள் அவளே கேட்டாள். அன்று இன்னொரு துண்டு கிழங்கு வேண்டும் என்றாள்.

கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. போனவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்களாம், கருமாதி செய்யாவிட்டால் ஆவி லயத்தைச் சுற்றுமாம். கோயிலில் தானே அரிசி போடுவதாகவும் சொன்னான். அரிசியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளான சனங்கள் நம்பிவிட்டார்கள். பிணத்தைப் பார்த்தவர் இல்லை, சேதி கொண்டுவந்தவர் இல்லை. ஆற்றங்கரையில் அக்காவின் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றினார்கள். சாமி பேரைச் சொல்லி அந்தப் பாவி செய்தது சடங்கு இல்லை. கருமாதி முடிந்தால் அப்புறம் எவள் வந்து கேட்கப் போகிறாள்? அதுதான் அவன் கணக்கு. பிச்சையம்மாள் ஆற்றுக்கு வரவில்லை. அந்த அரிசியையும் தொடவில்லை.

மறுநாள் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தாலி அறுத்தவள் உடனே வெளியே வரக்கூடாது என்று பெண்கள் வாசலை மறித்தார்கள். பிச்சையம்மாள் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து வாளியை அக்கா பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே யாருக்காகக்கா குளிக்கணும்?" என்றாள் அக்கா.

"ஒடம்பு ஒன்னோடதுதானே? எந்திரி."

அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பொட்டில்லாத நெற்றியோடு கங்காணி வாசலுக்கு நடந்தாள். லயமே பின்னால் போனது.

"கருமாதி செஞ்சாச்சு கங்காணி. பொணம் எங்க?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பிறகு அவர்கள் வரும் நேரமெல்லாம் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை.

ஜப்பான்காரன் போனான். அழகேசனும் வரவில்லை, வீரசாமியும் வரவில்லை. பிச்சையம்மாள் அலோர் ஸ்டாரில் இருந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. பஸ் ஏறும்போது அந்த வாளியை என்னிடம் நீட்டினாள்.

"சில நாளு அவ எந்திரிக்க மாட்டா தங்கச்சி. புத்தி சொல்லாத, இதக் கையில குடு. கங்காணி வாசலுக்கு மட்டும் தனியா விட்றாத, நீயும் கூடப் போ."