பாயிண்டில் கிடைத்த ஒற்றை இருக்கை

முதல் நாள்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி. அங்கே இருந்த டிராவல்ஸ் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர். அவர்தான் என்னை ஓனர் பாஷா பாயிடம் கூட்டிக்கொண்டு போனார். பாய் என் சர்ட்டிபிகேட்டுகளைப் பிரிக்கவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தைத் தள்ளி, "உன் பேர இங்கிலீஷ்ல எழுதும்மா" என்றார்.

ஜே. கிரேஸ் என்று எழுதினேன்.

"இதுல சர்நேம் எது?"

"அப்படி எதுவும் இல்லீங்க. ஜேன்றது அப்பா பேரு, ஜேக்கப்."

"அப்ப டிக்கெட்ல சீட்டு உங்கப்பாவுக்குத்தான் விழும்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டிக்கெட் போடறது ஒரு மாசத்துல வந்துரும் கிரேஸம்மா. நம்ம ஊர் பேர கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கறதுதான் பேஜார்."

இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கிரெடிட் கார்டு பாயிண்டை விமான மைலாக மாற்றுவதை ஃபோனிலேயே முடித்துவிடுகிறார்கள். முடிந்ததும் மெசேஜ் வருகிறது. எங்கள் காலத்தில் அதற்கு ஒரு ஃபாரம், ஒரு ஃபேக்ஸ், நிறைய பொறுமை, ஒரு தணிகாசலம் சார் எல்லாம் தேவைப்பட்டன.

சூட்கேஸா, ப்ளேனா

தணிகாசலம் சார் பட்டு வியாபாரி. பெங்களூரில் நூல் வாங்கி, நெசவுக்குக் கொடுத்து, சேலையாக வாங்கி, சென்னைக் கடைகளுக்கு அனுப்புவார். நல்ல மனிதர். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தால் தேங்காயை ஆட்டிப் பார்த்து, தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் வாசலைத் தாண்டுவார். அவ்வளவுதான் அவரிடம் குறை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். பெங்களூர் நூல் கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் வைத்தார்கள். கார்டில் வாங்கினால் பாயிண்ட் சேரும் என்று தெரிந்த நாளிலிருந்து சார் நூல், பெட்ரோல், லாட்ஜ் எல்லாவற்றையும் கார்டிலேயே வாங்கினார். ஒருநாள் கார்டு கம்பெனி அனுப்பிய பளபளப்பான புத்தகத்தோடு எங்கள் மாடிக்கு வந்தார்.

"இன்னாம்மா கிரேஸு, இத்தினி பாயிண்டுக்கு சூட்கேஸ் தர்றானாம், ஹாட் பாக்ஸ் தர்றானாம். கடைசி பக்கத்துல ப்ளேன் படம் போட்டுகிறான். ப்ளேனும் தருவானா?"

விளக்கினேன். கார்டு பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் அங்கே அது மைலாகச் சேரும். மைல் போதுமான அளவு இருந்தால் டிக்கெட் கிடைக்கும். முதலில் விமானக் கம்பெனியில் உங்கள் பேரில் மெம்பர் ஆக வேண்டும். மைலாகச் சேர்ந்துவிட்டால் மறுபடி பாயிண்டாக்க முடியாது. வரியை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

"இலவசத்துக்கு வரியா?" என்று கேட்டார்.

அவருக்கு உண்மையிலேயே ஒரு பயணம் காத்திருந்தது. ஒரே பையன், ஒரே பெண். கடைசியான கோமதியை டில்லியில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வர வேண்டியவளை, பிரஷர் இருக்கிறது, பிரயாணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மருமகனுக்கு அப்பா அம்மா இல்லை. ஆகவே சாரின் மனைவி லோகநாயகி அக்கா போய்த்தான் ஆக வேண்டும்.

"ரெண்டு பேரும் ப்ளேன்லயே போறோம்" என்று முடிவு செய்தார் சார். பாயிண்ட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் போக மட்டும் வரும். திரும்பி வர ரயில். "அது போதும். வர்றப்ப இன்னா அவசரம்" என்றார். மெம்பர் ஃபாரத்தைத் தானே பூர்த்தி செய்து தபாலில் போட்டுக்கொள்வதாக வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே அவர் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் அவரைப் பார்த்து, "பைலட்டு வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றார்களாம். அதை எங்களிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

கடைசிப் பெயர்

மெம்பர் நம்பர் வந்தது. பாயிண்ட் மாற்றும் ஃபாரத்தில் அந்த நம்பரை எழுதி, கையெழுத்து வாங்கி, கார்டு கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். கார்டிலிருந்து பாயிண்டுகள் கழிந்தன. விமானக் கணக்கில் எதுவும் ஏறவில்லை. சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களும் போயின.

சார் தினமும் வந்தார். "கார்டுலயும் இல்ல, ப்ளேன்லயும் இல்ல. அப்ப எங்கதான் நிக்குது? திண்டிவனம் பஸ்ஸு மாதிரி தெள்ளார்ல பிரேக்டவுன் ஆயி நிக்குதா?"

ஒருநாள் லோகாக்காவும் கூட வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்தார். "கிரேஸு, எனக்கு ஒரு டிக்கெட் காசு குடுத்து வாங்கிக் குடும்மா. இவரு பாயிண்டு வர்றதுக்குள்ள கோமதி பெத்து, அது எல்.கே.ஜி. போயிடும் போலக்குது."

"இலவசம் கையில இருக்கறப்ப யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்றார் சார்.

"எந்தக் கையில கீது? காட்டுங்க பாக்கலாம்."

சார் தன் கையைப் பார்த்தார். பாஷா பாய் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதே கார்டு கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பாட்டு, காத்திருப்பு, மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்து, மாற்றம் நிராகரிக்கப்பட்டுவிட்டது, பாயிண்டுகள் கார்டுக்கே திரும்பி வந்துகொண்டிருக்கின்றன என்றாள். காரணம், இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றாக இல்லை. விமானக் கம்பெனியில் என்ன பெயர் என்று கேட்டேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தணிகாசலம் கோமதி.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு சாரிடம் கேட்டேன். "சார், உங்க பேரோட கோமதி எப்படி வந்தாங்க?"

"அவன்தாம்மா கேட்டிருந்தான். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு. எங்க வீட்ல மொத பேரு என்னுது. கடைசி பேரு கோமதிதானே?"

லோகாக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஏங்க, நடுவுல நானும் பையனும் இருக்கோமே. அதுக்கு எடம் இல்லியா?"

"மிடில் நேம்னு ஒரு கட்டம் இருந்துது. ரெண்டு பேர எழுத எடம் பத்தல. அப்படியே விட்டுட்டேன்."

பாய்க்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கஸ்டமர்களும் சிரித்தார்கள். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. டாக்டர் சொன்ன தேதி நெருங்கிவிட்டது.

பெயரைத் திருத்தலாமா என்று விமானக் கம்பெனியைக் கேட்டேன். அத்தாட்சியோடு எழுதிப் போடுங்கள், பரிசீலிப்போம் என்றார்கள். பரிசீலனை என்ற சொல்லை ஆபீஸ்களில் கேட்டவர்களுக்கு அதன் நீளம் தெரியும். பாய்தான் வழி சொன்னார். "எதுக்குத் திருத்தணும்? அந்தக் கணக்குல ஒண்ணுமே ஏறல. கார்டுல கீற பேருக்குப் புதுசா ஒரு மெம்பர்ஷிப் போடு. தணிகாசலம் கோமதின்றது யாரோ, நமக்குத் தெரியாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய், விமானக் கம்பெனி கவுன்டரிலேயே ஃபாரம் கொடுத்து, கார்டில் இருந்தபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிந்து, நம்பர் வாங்கி வந்தேன். திரும்பி வந்த பாயிண்டுகளை மறுபடி அனுப்பினோம். கர்ப்பஸ்திரீ காத்திருக்கிறாள் என்று அந்தக் கஸ்டமர் கேர் பெண்ணிடம் தினமும் சொன்னேன். அவளும் ஒரு பெண்தானே, யாரிடமோ சொல்லி முடுக்கியிருக்க வேண்டும். நான் எதிர்பார்த்ததை விட ஜல்தியாக மைல் ஏறியது.

ஒரே ஒரு சீட்டு

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் அடுத்த சிக்கல். மைல் டிக்கெட்டுக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம் இருக்கைகளைத்தான் ஒதுக்குவார்கள். விமானம் காலியாகப் பறந்தாலும் அதற்கு மேல் தர மாட்டார்கள். அந்த வாரத்தில் கிடைத்தது ஒரே ஒரு இருக்கை.

சார் மெதுவாக, "மெம்பரு நான்தானே. அப்ப சீட்டு என் பேர்லதான் வரும், இல்ல?" என்றார்.

"மெம்பர் யார் பேர் சொல்றாரோ அவங்க பேர்ல போடலாம் சார்" என்றேன்.

லோகாக்கா கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். "பிரசவம் பாக்கப் போறது நீங்களா?"

சார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பைலட் பட்டம் வேறு. எழுந்து போய் ஜன்னலோரம் நின்று பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "அவ பேர்லயே போடும்மா. ஸ்பெல்லிங் பாத்துப் போடு" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

மீதி மைல் இருந்தும் அந்த வாரம் பயன் இல்லை. சாருக்கு ரயிலில் தட்கலில் இடம் வாங்கினோம். லோகாக்கா தனியாக எங்கும் போனதில்லை. படவேடு கோயிலுக்குக் கூட நாலு பேரோடுதான் போவார். "நான் மொதல்ல ரயிலேறிப் போய் ஏர்போர்ட் வாசல்ல நிப்பேன். நீ வெளிய வந்தா என் மூஞ்சிதான் மொதல்ல தெரியும்" என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு, சார் முறுக்கு டின், அரிசி மூட்டை, குழந்தைக்கான பழைய வேட்டித் துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வழியில் எங்கேயோ ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டு, அவருடைய ரயில் வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றுவிட்டது. ஃபோன் பேச இறங்கினால் வண்டி கிளம்பிவிடுமோ என்று பயந்து அவர் இறங்கவே இல்லை.

லோகாக்கா டில்லியில் இறங்கி வெளியே வந்தபோது எந்த மூஞ்சியும் தெரியவில்லை. மருமகன் கோமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நகர முடியாமல் இருந்தார். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு டாக்சி கவுன்டர் வரிசையில் போய் நின்றுகொண்டார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

"பயமா இல்லியாக்கா?"

"பயந்துகினே நிக்க முடியுமா? நம்ம தெரு பாய் வீட்டுப் பொம்பளைங்களுக்கு எத்தினி வருஷமா ஜாக்கெட் பிட்டு வித்துகினு கீறன். அவங்க பேசற உருதுல பாதியப் பேசினேன். மாப்ள ஃபோன்ல சொன்ன ஆஸ்பத்திரி அட்ரஸ் எழுதின சீட்டக் காட்டி, பேட்டி, பச்சா, ஜல்தின்னேன், பொண்ணு, கொழந்த, சீக்கிரம்னு. அந்த சர்தார்ஜி எல்லா வண்டியையும் முந்திகினு போனான்."

அவர் போய்ச் சேர்ந்து, கோமதியின் தலையைத் தடவி, தலையணையைச் சரி செய்து கொஞ்ச நேரத்தில் வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. பிரஷர் ஏறி டாக்டர்களே கொஞ்சம் கவலைப்பட்டார்களாம். "அம்மா இங்கதான் கீறேன்னு சொல்லிகினே இருந்தேன். வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றார் அக்கா.

சாரின் ரயில் மறுநாள்தான் டில்லிக்கு வந்தது. தாடியும் அழுக்குச் சட்டையுமாக, முறுக்கு டின்னை அணைத்துக்கொண்டு இறங்கியவர் பிளாட்பாரத்தில் முதலில் பார்த்தது லோகாக்காவை. குளித்து, தலைவாரி, மருமகனோடு நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தாவ ரிசீவ் பண்ண வந்தோம்" என்றாராம்.

சார் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுவிட்டார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அக்காதான் சொன்னார்.

கற்றது

ஊர் திரும்பியதும் சார் பால்கோவா கொண்டு வந்து கொடுத்தார். பாய் சும்மா இருக்காமல், "ப்ளேன் எப்டி இருந்துதாம் சார்?" என்று கேட்டார். "அத்த ஏன் பாய் கேக்கறீங்க. திரும்பி வர்ற ரயில் பூரா கேட்டேன். நீங்களே போய்ப் பாத்துக்கோங்கன்னு சொல்றா."

பேரக்குழந்தைக்கு முதல் மொட்டை போட டில்லியில் மகளும் மருமகனும் நாள் குறித்தபோது மறுபடி மாடியேறி வந்தார். இரண்டு டிக்கெட், ஒன்று ஜன்னலோரம். மேசையில் பணத்தை வைத்தார். மீதி மைல் இருக்கிறதே, இரண்டு வாரம் தள்ளிப் போனால் இடம் கிடைக்குமே என்றேன்.

"அது கெடக்கட்டும்மா. கொழந்த மொட்டை ரெண்டு வாரம் தள்ளிப் போவுமா?" என்றார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பாயிண்டை மாற்றுவதற்கு முன் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்துப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கஸ்டமர் எத்தனை பாயிண்ட் வைத்திருக்கிறார் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். காத்திருக்க முடியாதவர்கள் என்றால், இலவசத்தை ஓரமாக வைத்துவிட்டு டிக்கெட்டைப் போட்டுக் கொடுங்கள். முதலில் முறைப்பார்கள். திரும்பி வரும்போது பால்கோவா கொண்டு வருவார்கள்.