கறுப்பு உருண்டை

எங்கள் சகோதர சங்கத்தில் ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெளியே ஒருவர் ரைஸ்மில் முதலாளி, ஒருவர் வக்கீல், நான் உரக்கடைக்காரன். கதவைச் சாத்திவிட்டால் எல்லோரும் பிரதர். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை, கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் கூடுவோம். தலைவருக்குக் கிழக்கே நாற்காலி, துணைத் தலைவர்கள் இருவருக்கும் மேற்கிலும் தெற்கிலும். கதவுக்கு ஒரு காவலர், நடவடிக்கைப் புத்தகத்துக்கு ஒரு செயலாளர். தலைவர் வருஷத்துக்கு ஒருவர் என்பது விதி. வேறு ஆள் கிடைக்காததால் மூன்றாவது வருஷமாக அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தேன்.

மிஞ்சியிருந்தது ஒன்பது பேர். ஏழு பேர் வராவிட்டால் கூட்டம் தொடங்கக் கூடாது. தொடர்ந்து அப்படியே ஆனால் சங்கம் நடத்த அனுமதி தந்த பட்டயத்தைத் தலைமைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வயலில் வேலை என்பார்கள், வராவிட்டால் மனசு சரியில்லை என்பார்கள். ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

அதனால்தான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவரைச் சேர்க்க நினைத்தேன். பல வருஷ நண்பர். காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு அவரைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் வீட்டு மாடுகள் அவர் வைத்தியத்தில் பிழைத்தவை. நான் கேட்டதும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"சரிப்பட்டு வருமா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"உள்ள வந்துட்டா எல்லாரும் பிரதர்தான் டாக்டர்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

விதிப்படி மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். ஒருவர் சர்க்கரை வியாதி என்று காபியை மறுத்தார். இன்னொருவர் இப்போதுதான் குடித்தேன் என்றார். மூன்றாமவர் குடித்தார். நல்ல மனிதர், சேர்த்துக்கொள்ளலாம் என்று மூவருமே எழுதிக் கொடுத்தார்கள். எனக்கும் அது போதுமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஆளுக்கு ஒரு வெள்ளை உருண்டை, ஒரு கறுப்பு உருண்டை. மரப்பெட்டியின் துளைக்குள் கையை விட்டு, சம்மதம் என்றால் வெள்ளையையும் மறுப்பு என்றால் கறுப்பையும் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. யார் போட்டார், ஏன் போட்டார் என்று கேட்கவும் கூடாது. பிரதர்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிடுமாம்.

பெட்டியைத் திறந்தேன். எட்டு வெள்ளை, ஒரு கறுப்பு.

என் கண் வக்கீல் மேல் போனது. அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. பெட்டியையே தடவித்தான் கண்டுபிடித்தார். அவர்தான் மாற்றிப் போட்டிருப்பார் என்று நம்ப ஆசைப்பட்டேன். தவறு நடந்திருக்கலாம் என்று தலைவருக்குத் தோன்றினால் ஒரே ஒரு தடவை வாக்கெடுப்பைத் திரும்ப நடத்தலாம்.

"ஒரு கறுப்பு விழுந்திருக்கு. கை தவறி விழுந்ததுன்னு நெனக்கிறேன். வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாத்துப் போடுங்க" என்றேன்.

வக்கீல் இரண்டு உருண்டைகளையும் என் முன்னால் நீட்டினார். "இதுல வெள்ளை எதுங்க பிரதர்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் போட்டார். விதிப்படி அது தப்பு. எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திரும்பத் திறந்தபோது ஆறு வெள்ளை, மூன்று கறுப்பு.

வேண்டாம் என்று நினைப்பவர் இன்னொருவரும் இருக்கிறார் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான்தான். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

படிக்கட்டில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். கறுப்பு விழுந்துவிட்டது என்று சொன்னேன். ஒன்று விழுந்தாலே போதும் என்ற விதி அவருக்கு முன்பே தெரியும்.

"ஒண்ணுதானே சார் விழுந்துச்சு? யாராவது தெரியாம மாத்திப் போட்டிருப்பாங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"ஆமா டாக்டர். ஒண்ணுதான்."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். உள்ளே இலை போட்டிருந்தார்கள். வெட்கம் கெட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ராஜினாமா எழுத வேண்டும் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கூட்டம் வந்துவிட்டது. செயலாளர் போன மாத நடவடிக்கையை வாசித்தார். அதில் டாக்டரைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'ஒரு விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' இது சரி என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று தலைவர்தான் கேட்க வேண்டும். கேட்டேன். இதில் பெட்டி கிடையாது. யார் தூக்குகிறார், யார் தூக்கவில்லை என்று எல்லோரும் பார்க்கலாம். அத்தனை பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.